நான்காவது அசைன்மென்ட்

முதல் நாள் வகுப்பில் சார் எழுதுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைப் பற்றித்தான் சொன்னார். லாங் சைஸ் நோட்டு, கோடு போட்டது, பிரவுன் அட்டை. இடது பக்கம் சிவப்புப் பென்சிலால் மார்ஜின், அதுவும் ஸ்கேல் வைத்து. அடித்தல் திருத்தல் கூடாது. வருஷத்துக்கு ஐந்து அசைன்மென்ட், ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து மார்க். எந்தக் கட்டுரையானாலும் முன்னுரை ஒரு பாரா, நடுவில் மூன்று பாரா, முடிவுரை ஒரு பாரா. முன்னுரையில் பெரிய மனிதர் யாராவது சொன்ன மேற்கோள் கட்டாயம். இதையெல்லாம் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். என் அப்பா அரசு அலுவலகத்தில் கிளார்க். விதிகள் வரிசையாக எண் போட்டு இருந்ததைப் பார்த்து அவருக்கு மிகவும் திருப்தி. "வாத்தியாருன்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அது 2004. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் முதல் வருஷம் சேர்ந்திருந்தேன். வீடு கடலூரில், திருப்பாப்புலியூர் பக்கம். தினமும் பஸ். சிப்காட்டில் ஷிப்ட் முடித்தவர்கள் ஏறி, நின்றபடியே தூங்கிக்கொண்டு வருவார்கள். நான் உட்கார்ந்து கட்டுரை மனப்பாடம் செய்துகொண்டு போவேன்.

முதல் அசைன்மென்ட் 'என் லட்சியம்'. பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த புத்தகக் கடையில் வாங்கிய கைடைப் பார்த்து, டாக்டராகி ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்வேன் என்று எழுதினேன். பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறவள் எப்படி டாக்டராவாள் என்று சாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இருபத்திரண்டு மார்க். அழகான கையெழுத்துக்கு ஒரு 'வெரி குட்' தனியாக.

என் பெஞ்சில் கடைசியாக உட்காருகிறவள் பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வந்தவள். அவள் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள். தன் லட்சியமாக அவள் எழுதியது இவ்வளவுதான்: ஃபேன் இருக்கிற ஒரு ஆபீஸில் வேலை வேண்டும், மத்தியானம் அம்மா வந்து அதன் கீழே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். ஒன்பது மார்க். "லட்சியம்னா பெருசா இருக்கணும்மா" என்று சார் வகுப்பில் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

அவள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் கருவாட்டு வாசனை வரும். நாங்கள் மூன்று பேர் பெஞ்சில் இந்தப் பக்கமாக நகர்ந்து உட்காருவோம். சொல்லாமல் செய்வோம். அவளும் பார்க்காத மாதிரி சாப்பிடுவாள். அன்றைக்கு நான் மூக்கைச் சுளித்ததை இன்றைக்கு நினைத்தால் சுளித்த அந்த முகத்தைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஆட்கள் மேற்கே பார்த்து ஓடினார்கள். "கடலு வருது, கடலு வருது" என்று யாரோ கத்தினார்கள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். அங்கிருந்து தண்ணீர் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாடிகளில் எங்களைப் போலவே நின்றவர்கள்தான் தெரிந்தார்கள். ஒரு மணி நேரம் நின்றோம். வெயில் ஏறியதும் இறங்கி வந்து டி.வி. போட்டோம். சுனாமி என்ற வார்த்தையே எங்களுக்கு அதற்கப்புறம்தான் வந்தது. நான் பார்த்தது இவ்வளவுதான். அதற்கு மேல் பார்த்ததெல்லாம் டி.வி.யில்.

கல்லூரி திறந்தபோது அவள் வரவில்லை. அவளுடைய அம்மாவைக் காணவில்லை என்று பஸ்ஸில் கூட வருகிற ஒருத்தி சொன்னாள். செத்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. காணவில்லை என்றுதான் சொன்னார்கள். உடல் கிடைக்காததால் அவளுடைய அப்பா காரியம் எதுவும் செய்ய விடவில்லையாம். வகுப்பில் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். பின்னால் நடந்ததற்கு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நான்காவது அசைன்மென்ட்டுக்குச் சார் சுனாமியையே தலைப்பாகக் கொடுத்தார். "இந்த வருஷம் பரீட்சைக்கு இதுதான் வரும். எழுதி வச்சிக்கிட்டா நல்லது" என்றார். பிறகு போர்டில் இரண்டு வரிசையாக வார்த்தைகள் எழுதினார். நேச்சர்ஸ் ஃப்யூரி, ஹார்ட் ரெண்டிங், இன்னசன்ட் லைவ்ஸ், வாட்டரி கிரேவ். கடைசியில் சொன்னதற்குத் தண்ணீரில் கல்லறை என்று அர்த்தமும் சொன்னார். மொத்தம் இருபது இருந்தன. குறைந்தது பத்தாவது கட்டுரையில் வர வேண்டும். "நான் பார்த்தேன், நான் ஓடினேன்னு 'ஐ' போட்டு எழுதுங்க. அப்பதான் உயிர் இருக்கும். திருத்துறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரணும்."

சாரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஃபீஸ் கட்ட முடியாதவர்களுக்காகப் பிரின்சிபாலிடம் போய் நின்றிருக்கிறார். அவர் எங்களுக்கு உண்மையாகவே நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

நான் ஒரே சாயங்காலத்தில் எழுதி முடித்தேன். டீ குடித்துக்கொண்டே எழுதினேன். நான் கடற்கரைக்கு ஓடினேன். ராட்சச அலை வந்தது. பனைமரத்தின் உச்சியில் பச்சைக் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை மட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. நான் கழுத்தளவு தண்ணீரில் போய் அதை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினேன். அது 'அம்மா' என்றது. பதினான்கு வார்த்தைகளைச் சேர்த்திருந்தேன். ஒவ்வொன்றும் வந்து பொருந்தும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவள் வந்தாள். பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சார் மட்டும் அவள் பக்கத்தில் வந்து நின்று, "உனக்கு நேர் அனுபவமே இருக்குதும்மா. நீ எழுதுனா நல்லா வரும். அந்த வார்த்தையெல்லாம் சேத்துக்க" என்றார். தலையாட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை சார் நோட்டுகளைக் கலைத்துப் போட்டு எங்களிடமே கொடுத்தார். ஒருத்தர் நோட்டை இன்னொருத்தர் திருத்த வேண்டும். சிவப்புப் பேனா. "டென்ஸ், ஸ்பெல்லிங், பங்க்சுவேஷன், மூணும் பாருங்க. திருத்துறதுக்கும் மார்க் உண்டு." என் கைக்கு அவள் நோட்டு வந்தது.

ஒரு பக்கம்கூட இல்லை. தப்பும் தவறுமான ஆங்கிலம். முன்னுரை இல்லை, மேற்கோள் இல்லை, இருபதில் ஒரு வார்த்தைகூட இல்லை. 'மை மதர் செல்ஸ் ஃபிஷ்' என்று ஆரம்பித்திருந்தாள். என் அம்மா முட்லூரில் மீன் விற்கிறாள். கூடையைத் தலையில் வைத்துவிட்டால் பேச மாட்டாள், கழுத்து வலிக்கும் என்கிறாள். எனக்கு இன்னும் முள் எடுத்துத் தருகிறாள். காலேஜ் பஸ் போகும்போது ரோட்டோரத்திலிருந்து கை காட்டுகிறாள், எந்த ஜன்னலில் நான் இருக்கிறேன் என்று தெரியாததால் எல்லா ஜன்னலுக்கும் காட்டுகிறாள்.

முதல் வரியில் 'செல்ஸ்' என்பதை அடித்து மேலே 'ஸோல்ட்' என்று எழுதினேன். விற்கிறாள் என்றிருந்தது விற்றாள் என்று ஆனது. இறந்தவர்களைப் பற்றி இறந்த காலத்தில்தான் எழுத வேண்டும். எனக்கு இலக்கணம் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வினைச்சொல்லாக இறங்கினேன். என்கிறாள், என்றாள். தருகிறாள், தந்தாள். காட்டுகிறாள், காட்டினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, அழகாக, நேர் கோட்டில் அடித்தேன். கீழே 'டென்ஸ் மிஸ்டேக்ஸ்' என்று எழுதி, எண்ணிக்கையும் போட்டேன்.

கடைசி மூன்று வரி மட்டும் திருத்த வேண்டியிருக்கவில்லை. கடல் வந்தது. நாங்கள் ஓடினோம். அம்மா வலையை எடுக்கத் திரும்பினாள். இதை அவள் சரியாகவே எழுதியிருந்தாள். அவளுக்கு டென்ஸ் தெரியாமல் இல்லை. இது அன்றைக்கு என் கண் முன்னால்தான் இருந்தது. நான் ஒரு டிக் போட்டுவிட்டு நோட்டை மூடினேன்.

பிறகு சார் என்னை எழுந்து நின்று என் கட்டுரையைப் படிக்கச் சொன்னார். ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். குழந்தை 'அம்மா' என்ற இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினேன். வகுப்பு கை தட்டியது. அவளும் தட்டினாளா என்று நான் பார்க்கவில்லை. எனக்கு இருபத்திநாலு. அவளுக்கு ஏழு.

மத்தியானம் அவள் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இது உன் கையெழுத்துதான?"

"ஆமா."

"அழிச்சிக் குடு."

"பால்பாயின்ட்டுடி. எப்படி அழியும்?"

"நீதான எழுதுன. அழிச்சிக் குடு."

இங்க் ரப்பரின் சொரசொரப்பான பக்கத்தை எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்தேன். சிவப்பு போகவில்லை. காகிதம் மெலிந்து, முதல் வரியில், அந்த ஒரு வார்த்தை இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. அவள் நோட்டை வாங்கி ஓட்டையைப் பார்த்தாள். மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். எங்கள் பெஞ்சு தாராளமாக ஆனது.

இதோடு முடிந்திருந்தாலே போதும். ஆனால் சார் என் கட்டுரையைக் கடலூரில் நடந்த ஒரு கல்லூரிப் போட்டிக்கு அனுப்பினார். முதல் பரிசு. மேடையில் கட்டுரையைப் படிக்க வைத்து ஷீல்டு கொடுத்தார்கள். அப்பா ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும், நிவாரண வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா, தனியாக நின்ற என்னிடமும் சாரிடமும் வந்தார். நெய்வேலிப் பக்கம், கம்மாபுரத்திலிருந்து வந்து கடற்கரையில் வேலை செய்கிறவர். களைத்துப்போன முகம், கையில் ஒரு பைல்.

"அந்தக் குழந்தை இப்ப எங்கம்மா இருக்கு? நாங்க லிஸ்ட் எடுத்துட்டிருக்கோம்."

நான் சாரைப் பார்த்தேன். சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அன்னிக்கே சொந்தக்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க மேடம். பேரு ஊரு தெரியல" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் பைலில் எதையோ குறித்துக்கொண்டார்.

பத்து நாள் இருக்கும். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பியூன் வந்து என்னை வெளியே கூப்பிட்டான். கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் முப்பது முப்பத்தைந்து வயது ஆள் ஒருவர். நிவாரணத்தில் வந்த வெள்ளைச் சட்டை, மடிப்பு கலையாமல் போட்டிருந்தார். காலில் செருப்பில்லை.

"எங்க மாமா. அம்மாவோட தம்பி" என்றாள் அவள்.

அவர் கையைக் கூப்பினார். பதினெட்டு வயசுப் பெண்ணான என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"நீதாம்மா அந்தப் பொண்ணா? மரத்துலேருந்து புள்ளயத் தூக்கியாந்தது? கேம்புல ஒரு அம்மா வந்து சொன்னாங்க. கவுனு பச்சன்னு சொன்னாங்க. எங்க புள்ள அன்னிக்கி மஞ்சதான் போட்டிருந்துச்சி. ஆனா சேத்துத் தண்ணியில கெடந்தா கலரு மாறும் இல்ல? நாலு வயசும்மா. நெத்தியில இங்க ஒரு தழும்பு இருக்கும். நீ பாத்தியாம்மா?"

தன் நெற்றியில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

அப்போதுகூட முதலில் வந்தது ஒரு பொய்தான். தழும்பு இல்லை என்று சொல்லிவிடலாம், அது வேறு குழந்தை என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கட்டுரை பொய் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் நம்பிக்கையோடு கிளம்பியபோது இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. அந்த வேலையை எனக்கு விட்டிருந்தாள்.

"அது நானா எழுதுனதுங்க" என்றேன்.

"எழுதுனதுதாம்மா. படிச்சவங்க, எழுதி வச்சீங்க. அந்தப் புள்ள இப்ப எங்க இருக்குது?"

"புள்ளயே இல்லிங்க. நான் கடலுக்கே போவல. கட்டுரைக்காக எழுதுனேன்."

அவருக்குப் புரியவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சொல்லுது?"

"காலேஜுல மார்க்குக்கு எழுதறது மாமா. நடக்காததயும் எழுதலாம்."

"மார்க்குக்கா" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கடைசி பஸ் போய்விட்டது என்று யாரோ சொன்ன மாதிரி மெதுவாகத் தலையாட்டினார். கூப்பியிருந்த கை எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. "சரிம்மா. நீ போய்ப் படிம்மா" என்றார். கேட்டைத் தாண்டி நடந்தார். அவள் பின்னாலேயே போனாள்.

நான் நேராகப் போய்ச் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது, உண்மைதான். பிறகு சொன்னார்:

"எதுக்கும்மா நீ போய் இல்லன்னு ஒத்துக்கிட்ட? இமேஜினேடிவ் ரைட்டிங்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஷீல்டு வேற குடுத்திருக்காங்க. காலேஜ் பேரு இருக்குது இல்ல?"

ஷீல்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. வீட்டில் அது டி.வி. மேலேயே இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அப்பா எடுத்துக் காட்டுவார். நான் சமையலறைக்குப் போய்விடுவேன். அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஐந்தாவது அசைன்மென்ட்டின் தலைப்பு, 'மாணவர் வாழ்வில் நேர்மை'. எழுதினேன். முன்னுரை, மூன்று பாரா, முடிவுரை. இருபத்துமூன்று.

அவள் அந்தப் பேப்பரில் பெயிலாகி அடுத்த வருஷம் எழுதித் தேறினாள். மீதி இரண்டு வருஷமும் ஒரே வகுப்பில் இருந்தோம். பேசிக்கொள்ளவில்லை. பேச நான் முயற்சி செய்யவில்லை என்று சொல்வதுதான் சரி. எம்.ஏ. முடித்துவிட்டு நான் 2010-இல் சிதம்பரத்திலேயே வேறொரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தேன். முதல் வருஷத்துக்குக் கட்டுரை எழுதும் பேப்பர் எனக்குத்தான் வந்தது. நான் ஒரு தீர்மானத்தோடு போனேன். கைடு கூடாது, மேற்கோள் கூடாது, நேற்று நீங்கள் பார்த்த ஒன்றை நாலு வரியில் எழுதுங்கள் என்றேன். மாணவர்கள் மூன்று வாரம் பொறுத்தார்கள். பிறகு துறைத் தலைவரிடம் போய், மேடம் ஒன்றும் நடத்துவதில்லை, நோட்ஸ் தருவதில்லை என்று புகார் சொன்னார்கள். அவர் என்னைக் கூப்பிட்டுப் பழைய வினாத்தாள்களை மேஜையில் வைத்தார். அடுத்த நாள் போர்டில் இரண்டு வரிசையாக வார்த்தைகள் எழுதிப் போட்டேன். சண்டை போட்டுத் தோற்றேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். சண்டை எதுவும் போடவில்லை. எழுதிப் போட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது, எனக்கும் நிம்மதியாக இருந்தது. இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன்.

2012-இல் ஒருநாள் மத்தியானம் கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் அவள் ஏறினாள். என் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. அடையாளம் தெரிந்தது. தயங்கிவிட்டு உட்கார்ந்தாள். கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் வேலை செய்வதாகச் சொன்னாள். கல்யாணம் ஆகி ஒரு பையன். கைப்பையில் டிபன் பாக்ஸ் இருந்தது. ஆலப்பாக்கம் வரைக்கும் வெயிலைப் பற்றியும் பஸ் கட்டணத்தைப் பற்றியும் பேசினோம். அதற்கப்புறம் நான் ஆரம்பித்தேன். ஏழு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது. நோட்டு, சிவப்புப் பேனா, அவளுடைய மாமா, எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்டது. ஏற்ற இறக்கம் சரியாக இருந்தது.

அவள் முழுசாகக் கேட்டாள்.

"மாமா நல்லாருக்காரு. அப்புறம் ரெண்டு புள்ளங்க பொறந்துச்சி" என்றாள். "நீ மன்னிப்பு கேட்டா உனக்கு லேசா இருக்கும். எனக்கு அதுல ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியும். ஆனா..."

"பத்திரிகைல எழுதறியாமே. எங்க ஆபீஸ்ல ஒருத்தரு காட்டுனாரு, உன் போட்டோ போட்டிருந்துச்சி."

"சின்னச் சின்னதா எழுதறேன்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினாள். கோபமில்லை. ஒரு சாமானை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"எங்க அம்மாவப் பத்தி எங்கியும் எழுதிடாத."

"எழுத மாட்டேன்" என்றேன்.

முட்லூரில் இறங்கிப் போனாள்.